காளானும் தேனீயும் எங்கட கதையும்



சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு ஹோர்சென்டன் குன்றுக்குப் போனேன். வெஸ்ட் ஈலிங்கில் இருக்கும் எம்மவர் பலருக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். பெரிவேலுக்கு அப்பால், கால்வாயை அடுத்து, ஓக் மரங்கள் செறிந்த பழைய காடு. முதல்நாள் இரவு நல்ல மழை. நிலம் ஊறிக் கிடந்தது. முன்னால் ஓடிப்போன மகள் நின்று கூப்பிட்டாள்.

"அப்பா, ஓடி வாங்கோ! இஞ்ச குடை மாதிரி ஒண்டு நிக்குது!"

ஓக் மரமொன்றின் கீழே நாலைந்து காளான்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த வெளிர் நிறத் தொப்பி, வெள்ளைத் தண்டு, பார்க்க வடிவாக இருந்தன. "சாப்பிடலாமோ அப்பா?" என்று சின்னவன் கேட்டான். நான் பதில் சொல்ல முதலே என்ர கை நிலத்துக்குப் போய்விட்டது. வன்னியில் அம்மம்மாவோடு போய்க் காளான் பிடுங்கிய கை அது. முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"இஞ்சேருங்கோ, இது எங்கட ஊர்க் காளானோ? தொடாதேங்கோ" என்றா மனைவி.

கையை எடுத்துவிட்டேன். உண்மையில் அது என்ன காளான் என்று எனக்குத் தெரியாது. ஏ.எல். வரைக்கும் உயிரியல் படித்தவன் நான். பங்கசு என்றால் என்ன, அதன் வித்தி எப்படிப் பரவும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் காலடியில் நின்ற ஒன்றுக்குப் பெயர் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு நூலகத்தில் புத்தகங்கள் எடுத்து, வேலை இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். காளானையும் தேனீயையும் தேடப்போன எனக்கு எங்கட சனத்தின் வரலாறே அதற்குள் கிடைத்தது. அதை இந்தப் புத்தாண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அடுப்பில் முளைத்த காளான்

காளான் தமிழருக்குப் புதியதல்ல. அதன் பழைய பெயர்களில் ஒன்று ஆம்பி. புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் தன் வீட்டு வறுமையைக் குமண வள்ளலிடம் சொல்கிறார். சமையல் மறந்துபோன அடுப்பிலே ஆம்பி பூத்துவிட்டதாம். சிறுபாணாற்றுப்படையிலும் ஏழைப் பாணனின் அடுக்களையில் காளான் முளைத்திருக்கிறது. ஆக, எங்கள் பழம் புலவர்களுக்குக் காளான் பசியின் அடையாளம்.

சாத்தனார் போய்ப் பார்த்த குமணன் அரண்மனையில் இருக்கவில்லை. தம்பியிடம் நாட்டை இழந்து காட்டிலே இருந்தான். நாடிழந்தவனிடம் போய் நின்று, என் வீட்டு அடுப்பில் காளான் பூத்திருக்கிறது என்று சொல்லும் நிலை எப்படிப்பட்டது என்று இந்த மலரை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

குமணன் நாட்டை இழந்து காட்டுக்குப் போனவன். எங்கள் தீவுக்கு வந்து அகப்பட்டு, தன் நாட்டுக்குத் திரும்ப முடியாமல் கிடந்த ஒருவரின் கதை இனி.

கைதி எண்ணிய தேனீக்கள்

1659ஆம் ஆண்டு கார்த்திகையில், மசூலிப்பட்டினத்துக் கடலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்தது. திருத்துவதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தலைவரின் மகன் றொபேட் நொக்ஸுக்கு அப்போது வயது பத்தொன்பது. அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் இறந்து போனார். மகன் பத்தொன்பது வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார்.

அவரைச் சங்கிலி போட்டுக் கட்டி வைக்கவில்லை. ஊர்களில் இருக்கலாம், உழைக்கலாம், நாட்டை விட்டுப் போக மட்டும் அனுமதி இல்லை. தொப்பி பின்னி விற்றார். ஊர் ஊராய்ப் போய் வியாபாரம் செய்தார். விசா முடிவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்த எம்மவர்களுக்கு இந்த வாழ்க்கை விளங்கும்.

அந்தக் காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. சுற்றி இருந்த ஒவ்வொன்றையும் கவனித்தார். இலங்கையில் மூன்று வகைத் தேனீ உண்டென்று தன் நூலில் எழுதினார். முதலாவது மரப்பொந்திலும் நிலப்பொந்திலும் கூடு கட்டுவது, இங்கிலாந்துத் தேனீயைப் போன்றது. அதன் தேனைத்தான் நாங்கள் பொந்துத்தேன் என்கிறோம். இரண்டாவது சிங்களத்தில் பம்பரா எனப்படும் பெரிய தேனீ. உயர்ந்த மரக்கிளையில் வெளியே தெரியக் கூடு தொங்கும். அதன் தேன் தண்ணீர் போல இளகினது. தேன் காலத்தில் நாற்பது ஐம்பது பேர் ஊரோடு சேர்ந்து காட்டுக்குப் போய் எடுத்து வருவார்களாம். மூன்றாவது ஈயளவு கறுத்தச் சின்னத் தேனீ, நாங்கள் கொசுத்தேன் என்று சொல்வதன் தேனீ.

நாலாவதாக ஒன்றும் இலங்கையில் உண்டு. சிறு கொப்பைச் சுற்றி உள்ளங்கை அளவு கூடு கட்டும் தேனீ. வன்னிப் பிள்ளையள் எல்லாருக்கும் கொம்புத்தேன் தெரியும். நொக்ஸ் அதைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை. அது தாழ்நில வறண்ட காட்டுக்குரியது. அவர் பெரும்பாலும் வாழ்ந்தது மலைநாட்டில். அதனால் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

1679இல் நொக்ஸ் இன்னொரு மாலுமியோடு தப்பினார். அனுராதபுரம் தாண்டி, அருவி ஆற்றின் ஓரமாக, வன்னிக் காட்டுக்குள்ளால் நடந்து, ஐப்பசி 18ஆந் திகதி மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் அவருடைய இலங்கை பற்றிய நூல் லண்டனில் வெளியானது.

அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் விஞ்ஞானி றொபேட் ஹூக். அவர் 1665இல் நுண்காட்டியில் கண்டவற்றை வரைந்து 'மைக்ரோகிராபியா' என்ற பெரிய நூலை வெளியிட்டவர். அதிலே பூஞ்சணத்தின் படம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு பங்கசை உலகம் முதலில் படமாகப் பார்த்தது அதில்தான். தேனீயின் கொடுக்கும் அதிலே உண்டு. பங்கசையும் தேனீயையும் பெரிய விடயமாக மதித்த ஒருவர்தான் எங்கள் தீவின் கதையையும் மதித்து முன்னுரை எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

கோப்பி இலையில் விழுந்த துரு

நொக்ஸ் கண்டியிலிருந்து மன்னார்க் கரைக்கு நடந்து தப்பி நூற்றைம்பது வருடம் கழிய, எதிர்த்திசையில் ஆயிரக்கணக்கான தமிழர் நடந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கோப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்கள் அவர்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

கோப்பிக்குக் கூடுதலான ஆட்கள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் காலத்தில். ஆகவே பெரும்பாலும் ஆண்கள் வந்து, சில மாதம் வேலை செய்து, திரும்பிப் போனார்கள். ஊரில் வீடும் உறவும் இருந்தது.

1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாதிரியாரான மைல்ஸ் பேர்க்லியும் அவருடைய நண்பர் புரூமும் சோதித்து, இது புதிய பங்கசு என்று பெயர் வைத்தார்கள். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்பது அந்தப் பெயர். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் லத்தீனில் பாழாக்குவது. பெயர் வைத்தபடியே நடந்தது.

இதே பேர்க்லிதான் 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுகவைத்தது ஒரு பங்கசு என்று வாதாடியவர். அந்த உயிரை இன்று வேறு வகுப்பில் வைக்கிறார்கள், அது வேறு கதை. அந்தப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேரளவில் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். லண்டனில் அயர்லாந்துக்காரர் ஒருவரைச் சந்தித்தால், எங்களைப் போல அவருடைய மூதாதையரும் பெட்டி கட்டி வந்தவர்களாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இலங்கைக்கு வந்து இரண்டு வருடம் ஆராய்ந்தார். அந்தத் தூள் பங்கசின் வித்திகள், காற்றில் பறந்து இலைக்கு இலை தொற்றுகின்றன என்று காட்டினார். காட்டை வெட்டி வீழ்த்தி, மலை மலையாக ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் நட்டதால் காற்றைத் தடுக்க ஒன்றும் இருக்கவில்லை. 1870களின் கடைசியில் சுமார் 275,000 ஏக்கரில் நின்ற கோப்பி, அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் அழிந்து போனது.

அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. 1867இலேயே ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்தார். தேயிலைக் கொழுந்துக்குப் பருவகாலம் இல்லை, வருடம் முழுவதும் கிள்ள வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் குடும்பத்தோடு வந்து லயங்களில் நிரந்தரமாகத் தங்கினார்கள். வந்து போனவர்கள் அங்கேயே வாழ்ந்து, அங்கேயே பிறந்து, அங்கேயே இறக்கும் சமூகமானது இப்படித்தான். இலையில் விழுந்த ஒரு தூளுக்கு அதிலே பெரிய பங்கு உண்டு.

எல்லாவற்றையும் பங்கசின் தலையில் போட நான் வரவில்லை. 1948இல் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது பங்கசு அல்ல, பாராளுமன்றம். ஏழு லட்சம் பேரளவில் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அம்மம்மாவின் புற்றடி

என்ர அம்மம்மா மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவ. 1977 கலவரத்தில் லயம் எரிந்த பிறகு, கைக்குழந்தையையும் இரண்டு பானையையும் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் வந்து காட்டோரத்தில் குடில் போட்டவ. மலையில் பிறந்தவ வன்னிக் காட்டைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. எந்த மரத்தில் தேன் இருக்கும், எந்தக் கீரை கசக்கும், எந்தக் காளான் கறிக்கு உதவும் என்று அயலவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் படித்தா.

மாரி மழை தொடங்கி இரண்டு மூன்று நாளில் விடிய வெள்ளனப் பெட்டியோடு புறப்படுவா. நானும் பின்னால் போவேன். கறையான் புற்றைச் சுற்றித்தான் தேடுவா.

"புத்துல வந்தா எடு சாமி, கட்டையில வந்தா விடு" என்று சொல்லுவா. கடைசி வரைக்கும் மலைநாட்டுப் பேச்சு அவவை விட்டுப் போகவில்லை.

அந்தச் சொல்லில் பெரிய விஞ்ஞானம் இருக்கிறது என்று இப்போது வாசித்தபோதுதான் தெரிந்தது. கறையான் புற்றுக்குள்ளே ஒருவகைப் பங்கசைத் தோட்டம் போட்டு வளர்க்கிறது. மக்கிய இலையையும் மரத்தையும் அந்தப் பங்கசு பதப்படுத்திக் கொடுக்க, கறையான் அதைத் தின்கிறது. மழைக்குப் பிறகு அதே பங்கசு மண்ணைப் பிளந்துகொண்டு காளானாக வெளியே வருகிறது. பேராதனையில் பணிபுரிந்த ரொம் பெச் என்ற பங்கசு நிபுணர் இதைப் பற்றி 1906இலேயே எழுதியிருக்கிறார். அம்மம்மா பெச்சின் பெயரைக் கேள்விப்பட்டவ இல்லை, ஆனால் புற்றைத் தெரிந்தவ.

பொருளாதாரத் தடையிருந்த 1990களில் அந்தப் பெட்டிக் காளான் எத்தனை நாள் எங்களுக்குக் கறியானது! புலவரின் வீட்டில் பசிக்கு அடையாளமாக இருந்த காளான், எங்கள் வீட்டில் பசியை ஆற்றியது. 2009 மாசிக்குப் பிறகு அம்மம்மா எங்களோடு இல்லை. அவ தெரிந்து வைத்திருந்த காளான்களில் பாதியின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

இங்கே புற்று இல்லை

இனி ஹோர்சென்டன் காட்டுக்கு வருவோம். இந்த நாட்டுக் காட்டில் கறையான் புற்றே கிடையாது. ஆகவே அம்மம்மாவின் விதி இங்கே செல்லாது. அவவின் விதி அவவின் காட்டுக்கு மட்டும்.

ஓக் மரத்தின் கீழ், வெளிர் பச்சைத் தொப்பியும் வெள்ளைத் தண்டும் அடியில் பை போன்ற உறையுமாக வருவதை ஆங்கிலத்தில் 'டெத் கப்' என்கிறார்கள். மரணத் தொப்பி என்று சொல்லலாம். நாங்கள் கண்டது அதுவேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதுவாக இருந்திருக்கலாம். உலகில் காளான் நஞ்சினால் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலானோரைக் கொல்வது இதுதான். அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. ருசியும் கெட்டதாக இராதாம். சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்துக்கு மேல், சிலவேளை அரை நாள் கழித்தே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பிறகு சுகம் வந்தது போலத் தோன்றும். அந்த நேரத்தில் ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

இதில் அகப்படுபவர்களில் எங்களைப் போல வந்து குடியேறியவர்களும் உண்டு. இளம் மரணத் தொப்பி, ஆசிய நாடுகளில் சமைக்கும் வைக்கோல் காளானைப் போலவே இருக்கும். அமெரிக்காவில் தென்கிழக்காசிய அகதிக் குடும்பங்கள் இப்படி ஏமாந்திருக்கின்றன. 2012 தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் புதுவருட விருந்தில் இதைச் சாப்பிட்ட இருவர் இறந்தார்கள். இவர்கள் காளான் அறியாதவர்கள் அல்லர். தங்கள் ஊர்க் காளானை நன்றாக அறிந்தவர்கள். அந்த அறிவே அவர்களுக்கு எமனாகிவிட்டது.

வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி தின்றால் நல்லது என்றெல்லாம் எங்கட ஆட்கள் சொல்வதுண்டு. இவை ஒன்றும் உண்மையல்ல, தயவுசெய்து நம்பாதேங்கோ. எப்பிங் காடு போன்ற இடங்களில் காளான் பறிப்பதே சட்டப்படி தடை. யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், வருத்தம் தொடங்கும் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தேனீ விடயத்திலும் நான் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. தேனீ என்றால் கூடும் தேனும் என்றே நினைத்திருந்தேன். பிரித்தானியாவில் சுமார் 270 வகைத் தேனீ உண்டு. தேன் சேர்த்து வைக்கும் தேனீ அதில் ஒரே ஒரு வகை. மிச்சத்தில் பெரும்பாலானவை தனித்தனியாக வாழ்பவை. புல்தரையில் ஒரு துளை போட்டு, உள்ளே பூந்தாது வைத்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். சித்திரை மாதத்தில் உங்கள் வீட்டுப் புல்லில் சின்ன மண்குவியலும் நடுவில் துளையும் கண்டால் எறும்பென்று மருந்து தெளிக்காதேங்கோ. அதுவும் ஒரு வீடுதான்.

அந்த ஐப்பசி நாளில் ஐவிக் கொடியின் பூக்களைச் சுற்றி நிறையத் தேனீ நின்றன. ஐவித் தேனீ இந்த நாட்டில் முதன்முதலில் காணப்பட்டது 2001இல், தெற்குக் கரையில். மரப் பொந்திலும் குருவிப் பெட்டியிலும் குடியிருக்கும் 'பம்பிள்' தேனீ ஒன்றும் அதே 2001இல்தான் முதலில் கண்ணில் பட்டது. இரண்டும் ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கே பரவிவிட்டன. இதைச் சொன்னதும் மகள், "அப்ப அதுகளும் எங்களைப் போலவா அப்பா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு, ஓம் என்றேன்.

எழுதி வைப்போம்

ஈலிங் புரோட்வேயில் 65ஆம் இலக்க பஸ் எடுத்தால் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். பேர்க்லி தன் பங்கசுச் சேகரிப்பை 1879இல் அங்கேதான் ஒப்படைத்தார். கியூவின் சேகரிப்பில் இன்று பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பங்கசு மாதிரிகள் இருக்கின்றன. இலங்கையிலிருந்து போனவையும் அவற்றில் உண்டு. பெயர், இடம், திகதி எழுதி உறையில் போட்டு நூற்றைம்பது வருடமாகப் பாதுகாக்கிறார்கள். பெரிவேலில் சுமார் 27 ஏக்கர் காட்டை செல்போர்ன் சங்கம் என்ற தொண்டர் சங்கம் 1902 முதல் பராமரித்து வருகிறது. தொழிற்சாலைகளும் வீடுகளும் சுற்றிவரக் கட்டியபோதும் அந்தக் காட்டை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சிறு சங்கம் நூறு வருடத்துக்கு மேல் ஒரு காட்டைக் காப்பாற்றியிருக்கிறது. எங்கட சங்கங்களும் இதிலே பாடம் படிக்கலாம்.

கியூவில் உறைகளில் இருக்கின்றன எங்கள் மலைகளின் பங்கசுகள். அம்மம்மாவின் அறிவு எந்த உறையிலும் இல்லை. ஆகவே என் வீட்டில் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறேன். மகளின் கொப்பியொன்றில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் எனக்கு ஞாபகமிருக்கும் வன்னிப் பெயர்கள்: பொந்துத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன், புற்றுக்காளான். மற்றப் பக்கம் இங்கே நாங்கள் கண்டவை, கண்ட இடமும் திகதியும் போட்டு. பிடுங்குவதில்லை, பார்த்து எழுதுவது மட்டும். எனக்குத் தெரியாத பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். சங்கத்துக்கு வரும் மூத்தவர்களிடம் கேட்டு நிரப்ப வேண்டும். மலையகத்திலும் வன்னியிலும் மட்டக்களப்புக் காடுகளிலும் வாழ்ந்த அம்மாமாரே, ஐயாமாரே, உங்களுக்குத் தெரிந்ததை உங்கட பேரப்பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. நான் கேட்கப் பிந்திவிட்டேன். அவர்கள் பிந்த வேண்டாம்.

இந்த நாட்டில் சித்திரை 23 புனித ஜோர்ஜ் நாள். அந்த நாளை ஒட்டி வெள்ளையாக முளைக்கும் காளானுக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். எங்கள் புத்தாண்டு கழிந்து ஒரு கிழமைதான் ஆகியிருக்கும். நீலமணிப் பூக்களும் அந்த நேரம்தான் பூக்கும். பெரிவேல் காட்டை வருடத்தில் சில நாட்களே பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். வசந்த காலத்தில் திறக்கும் நாளில் பிள்ளையளோடு போக இருக்கிறோம். வர விரும்புபவர்கள் கொப்பியும் பென்சிலும் கொண்டு வாருங்கோ. பெட்டி வேண்டாம்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.